பொட்டலக் காகித வைத்தியர்

கொசுவுக்கு அடுத்தபடியாக மனித இரத்தத்தின் மேல் இவ்வளவு அக்கறை கொண்ட உயிர் ஒன்று உண்டென்றால், அது அடுத்தவர் இரத்தத்தின் பதத்தைப் பற்றிக் கவலைப்படும் ஓய்வுபெற்ற மனிதர்தான். கொசு கேட்காமல் எடுக்கும். இவர் கேட்காமல் கொடுப்பார். கொசுவை அடித்துவிடலாம், இவரைக் கண்டால் எழுந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும்.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாவு வீட்டில், பெட்டி குழிக்குள் இறங்குவதற்கு முன்பே மரணத்தின் காரணத்தை அறிவிப்பவர் இவர்தான். காரணம் எப்போதும் ஒன்று: இரத்தம் தடித்துவிட்டது. தென்னை மரத்திலிருந்து விழுந்தவனா? தடித்த இரத்தம், தலை கனத்து விழுந்தான். கடலில் மூழ்கியவனா? தடித்த இரத்தம், மிதக்க முடியவில்லை. பிரசவத்தில் இரத்தம் கொட்டிச் செத்த பெண்ணா? இங்கே மட்டும் கொஞ்சம் தயங்குவார். பிறகு, தடித்த இரத்தம் உள்ளே இருக்க முடியாமல் வெளியே வந்துவிட்டது என்பார். ஆஸ்பத்திரிக்குப் போகும் பன்னிரண்டு மைலில் ஒன்பது மைலுக்குச் சாலையே இல்லை என்பதைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் கிடையாது.

இந்த இனத்தின் மிகச் சிறந்த மாதிரி ஒன்று செக்கொண்டித் துறைமுக நகரத்துக்குக் கிழக்கே, எங்கள் கடலோரத்து மீனவ ஊரில் இருக்கிறது. பெயர் ஜோசயா குவான்சா. வயது எழுபத்திரண்டு. முப்பத்தோரு வருஷம் ரயில்வேயில் டிக்கெட் கொடுத்தவர். ஓய்வு பெற்றபோது ஒரு கைமணியையும், யாரைப் பார்த்தாலும் ஏதாவது கொடுக்கவேண்டும் என்ற பழக்கத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவரை முழுசாகப் பார்ப்பதற்கு வசதியான இடம் அராபாவின் கெங்கே கடை. கடை என்றால் ஒரு பானை, ஒரு அடுப்பு, ஒரு பெஞ்சு. புளித்த சோள மாவை வாழை இலையில் உருட்டிக் கட்டி வேகவைத்து, பொரித்த மீனோடும் அரைத்த மிளகாயோடும் விற்கிறாள். அறுபத்தேழு வயது விதவை. அவள் உட்கார்ந்திருக்கும் பாதாம் மரத்தின் அடியில், அவளிடமிருந்து ஆறடி தள்ளி, ஊரின் டாமே பலகை இருக்கிறது. கட்டம் போட்ட பலகை, கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள், சுற்றிலும் இரண்டு விரல் உயரத்துக்கு மரச்சட்டம். காயை நகர்த்துவது ஆட்டம் அல்ல. எதிரியின் காயை வெட்டும்போது கையைத் தலைக்கு மேலே தூக்கி, எதிரியின் அப்பா வரைக்கும் கேலி செய்து, பலகை அதிரும்படி அறைவதுதான் ஆட்டம். சத்தம் இல்லாமல் வெட்டினால் வெட்டியதாகவே யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

குவான்சாவின் மருத்துவக் கல்வி இந்த மரத்தடியில்தான் தொடங்கியது, தொடங்கிய இடத்திலேயே முடிந்தும் போனது. ஒரு நாள் வறுத்த வேர்க்கடலை வாங்கினார். சுற்றி வந்த காகிதம் ஏதோ ஒரு சுகாதாரப் பத்திரிகையின் பக்கம். ஆஸ்பிரின் மாத்திரை இரத்தம் கட்டியாக உறைவதைத் தடுக்கும், மாரடைப்பு வந்தவர்களுக்கு அது உயிர்காக்கும் என்று போட்டிருந்தது. கடைசி வரி, "ஆனால் முதியவர்களைப் பொறுத்தவரை" என்பதோடு நின்றது. மீதிப் பக்கத்தில் வேறு யாருக்கோ கடலை கட்டிக் கொடுத்துவிட்டார்கள். "ஆனால்" என்ற சொல்லுக்குப் பிறகு என்ன இருக்கும் என்று ஒரு மனிதன் யோசிக்க வேண்டாமா? குவான்சா யோசிக்கவில்லை. கடலையைத் தின்றுவிட்டு வைத்தியராக எழுந்தார்.

மறுநாளிலிருந்து காலை ஏழு மணிக்குக் கைமணி அடிக்கும். ஊரின் வயதான ஆண்கள் வரிசையில் நிற்பார்கள். பழைய கோக்கோ டப்பாவிலிருந்து, தலைவலிக்கு விழுங்கும் பெரிய வெள்ளை மாத்திரையை ஆளுக்கு ஒன்றாக, சன்னலுக்கு உள்ளிருந்து டிக்கெட் நீட்டும் அதே விறைப்போடு நீட்டுவார். கண் இமையைக் கீழே இழுத்துப் பார்ப்பார். கணுக்காலை அமுக்குவார். "பனங்காய்க் குழம்பு" என்று தீர்ப்புச் சொல்வார். அதாவது உங்கள் இரத்தம் அந்தப் பதத்தில் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து அதே இமையை இழுத்து, "மீன் ரசம்" என்பார். தேர்வில் பாஸ் ஆகிவிட்டீர்கள்.

அவரே தன் சிகிச்சைக்கு விளம்பரப் பலகையாகவும் இருந்தார். சவரம் செய்யும்போது கன்னத்தில் வெட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் வழியும். துடைக்கமாட்டார். அப்படியே மரத்தடிக்கு வருவார்.

"பாத்தீங்களா, எப்படிச் சீரா ஓடுதுன்னு. இதுதாங்க ஆரோக்கியம்."

"அண்ணே, சட்டையெல்லாம் ஆயிடுச்சு" என்பாள் அராபா.

"சட்டையைத் துவைச்சுக்கலாம். உன் இரத்தத்தைத் துவைக்க முடியுமா? ஒரு மாத்திரை போட்டுக்கோன்னா கேக்குறியா?"

"என் இரத்தம் எனக்குப் போதுமான தடிப்புலதான் இருக்கு. நீங்க மீன் ரசமாவே இருங்க, நான் குழம்பாவே இருந்துட்டுப் போறேன்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இந்த இனத்து மனிதர் எல்லாவற்றையும் மன்னிப்பார். தான் கொடுத்ததை வேண்டாம் என்று சொன்னவர்களை மட்டும் மன்னிக்கமாட்டார். அதுவும் ஒரு பெண். அதுவும் சிரிப்பு வரும்படி.

எட்டாவது மாதத்தில் குவான்சாவின் வலது முன்கையில் ஊதா நிறத்தில் திட்டுத் திட்டாகக் கன்றிப்போனது. ஒரு திட்டு மங்குவதற்குள் அடுத்தது வந்தது. எப்போதும் புதன்கிழமை காலையில்தான் புதிதாகத் தெரிந்தது. மாத்திரை வரிசையில் நின்ற மற்றக் கிழவர்களுக்கும் அப்படியே. இப்போது கவனியுங்கள், இங்கேதான் இந்த மூளையின் கட்டட வேலை தெரியும். கன்னத்திலிருந்து வெளியே வழிந்த இரத்தத்துக்கு அவர் விஞ்ஞானத்தைக் கூப்பிட்டார். தோலுக்கு அடியில் தேங்கிய அதே இரத்தத்துக்கு அவர் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? மலையடிவாரத்தில் ஜெபக் கூடாரம் நடத்தும் தீர்க்கதரிசியை.

வெள்ளை அங்கி போட்ட தீர்க்கதரிசி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் பட்ட அடையாளம் என்றார். தூங்கும்போது சூனியக்காரி வந்து உறிஞ்சுகிறாள் என்றார். செவ்வாய்க்கிழமை இரவில் நடக்கிறது என்றால் செவ்வாய்க்கிழமை பிறந்தவளாக இருக்கும் என்றார்.

எங்கள் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை பிறந்த பெண்ணுக்கு அராபா என்றுதான் பெயர். ஊரில் பதினாறு அராபாக்கள் இருந்தார்கள். அதில் புருஷன் உள்ளவள், வாட்டசாட்டமான மகன் உள்ளவள், வாயாடியான அண்ணன் உள்ளவள் என்று ஒவ்வொருத்தியாகக் கழித்துக்கொண்டே வந்தால், கேட்க ஆளில்லாத ஒருத்தி மிஞ்சுவாள் அல்லவா? சூனியத்தைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்க இந்த ஒரு கணக்குதான் நடைமுறையில் இருக்கிறது.

சாட்சியும் கிடைத்தது. கொடுத்தவர் குவான்சாவேதான். "அன்னைக்கு மீன் ஆயறப்ப அவ விரலை ஆழமா வெட்டிக்கிட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன். கட்டை விரலால ஒரு அமுக்கு அமுக்கினா, அஞ்சு நிமிஷத்துல நின்னு போச்சு. எனக்கு ஒரு மணி நேரம் ஓடுது. அறுபத்தேழு வயசுல அவளுக்கு எப்படி நிக்குது? அது யாரோட இரத்தம்?"

அராபா இதைக் கேள்விப்பட்டபோது கெங்கே உருண்டைகளுக்கு இலை கட்டிக்கொண்டிருந்தாள். கட்டியபடியே இருந்தாள். ஆனால் அன்றைக்கு ஒன்பது உருண்டைகள் பானைக்குள் பிரிந்துபோயின. அவளுக்குத் தெரியும். போன வருஷம் வலைக்காரி எசியை அந்தக் கூடாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். நாற்பது நாள் ஜெபம் என்றார்கள். ஐந்து மாதம் கழித்து வந்தாள். கணுக்காலைச் சுற்றி, கொலுசு போடும் இடத்தில், சங்கிலியின் தழும்பு. அதற்குப் பிறகு அவள் யாரிடமும் பேசியதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மரத்தடியில் கூட்டம். செவ்வாய்க்கிழமை எங்கள் கடலுக்கு ஓய்வு நாள். ஒரு படகும் இறங்காது. ஆகவே ஊரே வந்திருந்தது. மீனவர் தலைவர் அக்கோன் நடுவில் நாற்காலியில் இருந்தார். கனத்த மனிதர், இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பு வந்து நகரத்து ஆஸ்பத்திரியில் பிழைத்தவர். ஒரு பக்கம் குவான்சா. மறுபக்கம் தீர்க்கதரிசியும் பை வைத்திருந்த அவருடைய ஆள் ஒருவரும்.

"அராபா, உன்னை யாரும் குத்தம் சொல்லல" என்றார் தலைவர். "கேக்குறோம், அவ்வளவுதான்."

"கேக்குறதுக்கு எதுக்குத் தலைவரே பையில சங்கிலி?"

பை வைத்திருந்தவர் அதைக் காலுக்குப் பின்னால் தள்ளினார். கலகலவென்று சத்தம் வந்தது. தலைவர் முகத்தைச் சுளித்தார்.

"நான் ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அராபா. கைகளை முந்தானைத் துணிக்குள் சுருட்டி வைத்திருந்தாள். "நான் உறிஞ்சினதா சொல்ற ஆளுங்க எல்லாரும் சட்டைக் கையை மடிக்கட்டும். நான் என்ன தின்னேன்னு நானும் பாக்கணும்ல."

யாரோ சிரித்தார்கள். கிழவர்கள் மடித்தார்கள். ஆறு பேர். ஐந்து பேருக்கு வலது முன்கையின் வெளிப்புறம், சுண்டு விரல் பக்கமாக ஊதாத் திட்டுகள். ஆறாவது ஆள் ஓய்வுபெற்ற தச்சர் ஒட்டூ. அவர் தயங்கினார்.

"உங்களுக்கு எந்தக் கைண்ணே?"

"இடது கை... மன்னிக்கணும்" என்றார் ஒட்டூ.

இடது கையால் எதையும் நீட்டுவது எங்கள் ஊரில் அவமரியாதை. பிறவியிலேயே இடது கைக்காரரான ஒட்டூ, ஒவ்வொரு ஆட்டம் தொடங்கும்போதும் எல்லோரிடமும் ஒரு முறை மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் காயைத் தொடுவார்.

"அஞ்சு பேருக்கு வலது கையில வாய் வெச்சவ, இவருக்கு மட்டும் இடது கையில வெச்சேனா? அறுபத்தேழு வயசுல எனக்கு அந்த அளவுக்கா மரியாதை தெரியாது?"

இப்போது பெண்கள் பக்கம் சிரிப்பு பலமாக வந்தது. அராபாவின் கை துணியிலிருந்து வெளியே வந்தது.

"டேய் ஃபீஃபி, இங்க வா. நீ மடி."

ஃபீஃபிக்கு இருபத்தைந்து வயது, படகோட்டி. பலகையில் அவனைப்போல அறைகிறவன் கிடையாது. சட்டையே போடவில்லை, மடிப்பதற்கு ஒன்றும் இல்லை. கை கருங்காலி மாதிரி இருந்தது.

"இவனை நான் ஏன் விட்டேன்? நல்ல கொழுத்த பய. கிழட்டு இரத்தத்தை ஆறு வீட்டுல ஏறி இறங்கிக் குடிச்சவ, வழியில படுத்திருக்கிற இவனைத் தாண்டியா போவேன்?"

"அக்கா, நான் ரெடியாத்தான் இருந்தேன்" என்றான் ஃபீஃபி.

"வாயை மூடு. இன்னும் ஒருத்தர் இருக்காரு. பைடூ அண்ணே, நீங்களும் செவ்வாய்க்கிழமை பூரா ஆடுறீங்க. எழுபத்தெட்டு வயசு. மடிங்க பாப்போம்."

வலை பின்னும் பைடூ மடித்தார். மங்கலாக ஒரே ஒரு திட்டு, அதுவும் பழையது.

"ஏன் இவருக்குக் கம்மி?" என்றார் தலைவர்.

பைடூ குவான்சாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "அது வந்து... ஜோசயா மனசு நோகக்கூடாதுன்னுதான் வரிசையில நின்னேன். மாத்திரை வயித்தைப் புரட்டுது. வாயில அடக்கி வெச்சு, வீட்டுக்குப் போய்க் கோழிக்குப் போட்டுடுவேன்."

"எட்டு மாசமாவா?" என்றார் குவான்சா. கூட்டம் தொடங்கியதிலிருந்து அவர் குரல் உடைந்தது அப்போதுதான்.

"கோழிக்கும் மாரடைப்பு வரலப்பா. நல்லாத்தான் இருக்கு."

சிரிப்பு அடங்குவதற்கு நேரம் ஆனது. அராபா எழுந்து டாமே பலகைக்குப் போனாள். கையைத் தலைக்கு மேல் தூக்கி, குவான்சா வெட்டுவதுபோலவே, அவருடைய கனைப்பையும் சேர்த்து, ஓங்கி அறைந்தாள். முன்கையின் வெளிப்புறம் மரச்சட்டத்தில் இடித்தது.

"எனக்குப் பல் ஏது தலைவரே? இதுதான் பல்லு. நான் ஆறடி தூரத்துல உக்காந்து வருஷக்கணக்காப் பாத்துட்டு இருக்கேன். ஓய்வு நாள்ல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் இடிச்சுக்கிறாங்க. புதன்கிழமை எந்திரிச்சு ஐயோ சூனியம்ங்கிறாங்க."

அருகில் நின்ற சுகாதார நிலையத்து நர்ஸ் டோர்காஸைத் தலைவர் கூப்பிட்டார். "நீ சொல்லும்மா. பலகையில இடிக்கிறது இன்னைக்கு நேத்தா? முன்னெல்லாம் ஏன் இப்படி ஆகல?"

"படகுல சின்னதா ஓட்டை விழுந்தா என்ன செய்வீங்க தலைவரே? பக்கத்துல இருக்கிறவங்க ஓடிவந்து துணியையும் தாரையும் வெச்சு அடைப்பாங்க இல்லையா. இரத்தத்துக்குள்ளயும் அந்த மாதிரி ஆளுங்க இருக்காங்க, கண்ணுக்குத் தெரியாத பொடித் தட்டுங்க. குழாய் கிழிஞ்ச இடத்துல வந்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடைக்கும். ஆஸ்பிரின் இரத்தத்தை ரசமாவும் ஆக்காது, குழம்பாவும் ஆக்காது. அந்தத் தட்டுங்களோட கையைக் கட்டிப்போடும். கட்டினா கட்டினதுதான், அதுங்க சாகிறவரைக்கும் அவிழாது. எட்டுப் பத்து நாள்ல புதுசு வரும். ஐயா தினமும் கட்டிட்டு இருந்தாரு."

"வயசு?" என்றார் தலைவர்.

"வயசானா தோலுக்கு அடியில இருக்கிற மெத்தை கரைஞ்சுடும், குழாய் நொய்ஞ்சு போகும். சின்ன இடி போதும். அதனாலதான் மாத்திரை தின்னாத பைடூ தாத்தாவுக்கும் ஒண்ணு இருக்கு. கையில கசியறது கண்ணுக்குத் தெரியுது. வயித்துக்குள்ள கசிஞ்சா தெரியாது. ரெண்டு பேர் போன மாசம் தலை சுத்துதுன்னு என்கிட்ட வந்தாங்க. அவங்களை இன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்."

"அப்ப நானும் அதைத்தானே திங்கிறேன்?"

"உங்களுக்கு ஏற்கெனவே மாரடைப்பு வந்தது தலைவரே. வயசானா வெளிய கசியறதும் அதிகம், உள்ள உறைஞ்சு அடைக்கிறதும் அதிகம். உங்களுக்கு அடைச்சுது. டாக்டர் பாத்து, எடை போட்டு, சின்ன மாத்திரையாக் கொடுத்தாரு. நீங்க நிறுத்தக் கூடாது. இவங்க தொடங்கியே இருக்கக் கூடாது."

தீர்க்கதரிசி, மாத்திரைக்குள் பிசாசு புகுந்திருக்கலாம் என்று தொடங்கினார். தலைவர் பையைக் காட்டினார். "அதைக் கொண்டுபோய் படகு கட்டப் பயன்படுத்துங்க. இங்க வேற வேலை இல்ல." எசியின் கணுக்காலைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. எசி கூட்டத்தின் கடைசியில் நின்று, பை மண்ணில் இழுபட்டுக்கொண்டு போவதைப் பார்த்தபடி இருந்தாள்.

வழக்கப்படி குவான்சா ஒரு பாட்டில் ஜின்னோடு வந்து மன்னிப்புக் கேட்க வேண்டும். அராபா பாட்டில் வேண்டாம் என்றாள். "மாத்திரைக்கு அடிச்ச அதே மணியை அடிச்சு, ஊர் பூராச் சொல்லட்டும். போதும்."

அவர் சொன்னார். இந்த இனத்தின் மேன்மையே இதில்தான் இருக்கிறது. மறுநாள் காலை ஏழு மணிக்கு மணி அடித்துக்கொண்டு மீன் சந்தையின் நடுவில் நின்று, தன்னுடைய எட்டு மாத ஆராய்ச்சியின் முடிவாக, அராபா குற்றமற்றவள் என்பதைத் தான் கண்டுபிடித்துவிட்டதாக அறிவித்தார். அந்த ஆராய்ச்சிக்காகத் தன் சொந்தக் கையையே ஒப்புக்கொடுத்ததாகவும் சொன்னார். பலர் கைதட்டினார்கள்.

இரண்டு வாரம் மணி அடிக்கவில்லை. பிறகு ஒரு நாள் காலை அடித்தது. கோக்கோ டப்பா காலி. ஆஸ்பிரின் என்பது விஷம் என்று குவான்சா இப்போது தெருத்தெருவாகப் போதித்தார். அன்று அராபா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தபோது, மரத்தடியில் தலைவர் அக்கோனின் தோளில் அவர் கை போட்டிருந்தார்.

"நான் பட்டவன் சொல்றேன், அக்கோன். டாக்டர் கொடுத்த அந்த மாத்திரைப் பெட்டியைக் கடல்ல வீசு. இன்னைக்கே."

அக்கோன் ஒரு காலத்தில் புயலுக்கே பயப்படாதவர். ஆனால் மார்பில் ஒரு முறை வலி வந்தவருக்கு யார் எதைச் சொன்னாலும் காதில் ஏறும். பையிலிருந்து பெட்டியை எடுத்துவிட்டார். கையும் ஓங்கியாயிற்று.

அராபா ஊதுகுழலைப் போட்டுவிட்டு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்தாள். டாமே பலகைக்கு மேலே, காய் வெட்டுவதற்குத் தூக்கிய கை மாதிரி அது அப்படியே நின்றது.

"குவான்சா அண்ணே, நீங்க மாத்திரையைத்தான் விட்டீங்க. அடுத்தவன் உடம்பை இன்னும் விடல. எங்க படிச்சீங்க இதை?"

குவான்சா சட்டைப் பையிலிருந்து, எண்ணெய்க் கறை படிந்த ஒரு காகிதத்தைப் பெருமையோடு எடுத்து நீட்டினார். அதிலிருந்து ஒரு வேர்க்கடலைத் தோல் கீழே விழுந்தது. காகிதம், "ஆனால் இதய நோயாளிகளைப் பொறுத்தவரை" என்ற இடத்தில் கிழிந்திருந்தது.

ஐயா, அம்மா, சிரித்து முடித்தாயிற்றா? இப்போது உங்கள் பெரியப்பாவின் மேசையில் இருக்கும் அந்தச் சின்ன மாத்திரைப் பெட்டி உங்களுக்கு நினைவுக்கு வந்திருக்கும். போய் அவரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று நாற்காலியை விட்டுப் பாதி எழுந்துமிருப்பீர்கள். தாராளமாகப் போங்கள். போவதற்கு முன், உங்கள் கையில் ஒரு மணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.